பச்சைக்குப் பச்சை, பழுப்புக்குப் பழுப்பு

“அப்ப நீங்க திருடலை.”

“இல்லை.”

“பின்னே அந்த ட்ரெய்லருக்குப் பின்னாடி எதுக்குக் குனிஞ்சு நின்னீங்க?”

“ஒயரைப் பாத்துட்டிருந்தேன்.”

“எந்த ஒயரை?”

“சைக்கிள் தாங்கியில ரெண்டு லைட்டு கட்டியிருக்காரு இல்ல, அந்த ஒயரை. லைட்டு தப்பா எரியுது. முந்தாநாள் அவங்க வண்டி உள்ளே வரும்போதே கவனிச்சேன். வலது பக்கம் திரும்ப சிக்னல் போட்டா, தாங்கியில ரெண்டு பக்கமும் சேந்து மினுக்குது.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

ஓப்பல் ட்வெய்ட் கையிலிருந்த காபிக் கோப்பையைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். “சிரிச்சாரு. அவரு மட்டுமில்ல, சுத்தி நாற்காலி போட்டு உக்காந்திருந்த அத்தனை பேரும்.”

ஓப்பலும் கேள்வி கேட்ட ரூனாவும் போக, அந்தச் சின்ன ட்ரெய்லர் வீட்டுக்குள் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அதனால் எம்மெட் வாசற்படியில் நின்று, ஒரு காலை வெளியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கண் முழுக்கக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளின் மேல்தான். முகாமின் முதலாளி லைல் நேற்று மாலை ஒட்டிய தாள். இன்று காலை பதினோரு மணிக்குள் இடத்தைக் காலி செய்யவும் என்று ஒரே வரி. கீழே கையெழுத்து மட்டும் பெரிதாக, ஏதோ ஒப்பந்தத்தில் வெற்றி பெற்றவன் போட்டதைப்போல.

ஓப்பலுக்கு அறுபத்து மூன்று வயது. பத்தொன்பது வருடம் மரலாரி ஓட்டியவள். ஆறு வருடமாக மினசோட்டாவின் இந்த ஏரிக்கரை முகாமில் பொறுப்பாளராக இருந்து, குளியலறை கழுவி, விறகு விற்று, புதிதாக வருகிறவர்களின் ட்ரெய்லரைக் கைகாட்டிப் பின்னால் எடுக்கச் சொல்லி இடத்தில் நிறுத்தி வந்தாள். அதற்குப் பதிலாகப் பைன் மரத்தடியில் அவளுடைய வீட்டுக்கு ஒரு மூலை. அந்த வீட்டின் டயர்கள் வெடித்துக் கிழிந்திருந்தன. சக்கரத்துக்குள் புல் முளைத்து, பூத்தும் இருந்தது. இழுத்துப்போக வண்டியும் கிடையாது. உருளாத வீட்டை எங்கே கொண்டுபோவது என்று லைல் அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை.

“மணி என்ன?” என்று கேட்டாள் ரூனா ஹாக்லுண்ட்.

“ஒன்பது அஞ்சு, பாஸ்.”

“போதும்.”

ரூனா துலூத் நகரத்துத் துப்பறிவாளர்; எம்மெட் அவளுடைய உதவியாள். ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் மடங்காது. கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இந்த ஏரிக்கு மீன் பிடிக்க வருவாள். இந்த வருடம் தூண்டிலை எடுப்பதற்குள் ஓப்பலின் போன் வந்துவிட்டது.

இருவரும் மண்பாதையில் நடந்தார்கள். பைன் ஊசிகள் காலுக்குக் கீழே சத்தமில்லாமல் நசுங்கின. ஏரியிலிருந்து வந்த வெளிச்சம் மரங்களின் அடிவயிற்றில் அசைந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட காலையில் ஒருவன் புத்தகம் படித்துக்கொண்டு படுத்திருக்கலாம், சைக்கிள் தேடிப் போகக் கூடாது என்று எம்மெட் நினைத்தான்.

“பாஸ், கேஸை ஒரு தடவை சொல்லிப் பாக்கட்டுமா? சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருது.”

“சிரிக்காம சொல்லு.”

“வெர்லின் ஸ்டாக். நாப்பது வருஷம் வீடுகளுக்கு ஒயரிங் பண்ணின மனுஷன். இப்ப ஓய்வு. இருபத்திரண்டு ட்ரெய்லர் சேந்து ஊர் சுத்துற சங்கத்துக்குத் தலைவர். ரெண்டு பேட்டரி சைக்கிள் வாங்குறாரு. ட்ரெய்லர் முதுகுல தாங்கி மாட்டி அதுல ஏத்தி, மேல உறை போடுறாரு. சைக்கிள் ட்ரெய்லரோட சொந்த லைட்டை மறைச்சிடுது. அதனால தாங்கியிலயே ரெண்டு லைட்டைக் கட்டித் தன் கையாலயே ஒயர் இழுக்கிறாரு. நேத்து மதியம் சங்கத்து ஆம்பளைங்களைக் கூட்டிட்டு ஏரிக்குப் போறாரு. பொம்பளைங்க எல்லாரும் ஒரு வேன்ல துணிக்கடைக்கு. அஞ்சு மணிக்கு வந்து பாத்தா சைக்கிள் ரெண்டையும் காணோம்.”

“ம்.”

“நேத்துக் காலையில ஓப்பல் அங்க குனிஞ்சு நின்னதை அவரு பாத்திருக்காரு. ஓப்பல் ‘லைட்டைப் பாத்தேன்’னு சொல்றாங்க. அவரு, ‘என் லைட்டு தப்பா எரியாது. எரியாத தப்பைப் பாத்தேன்னு சொல்றவ பொய்க்காரி. நான் சிரிச்சதுக்குப் பழி வாங்க அவதான் எடுத்திருக்கா’ன்னு சொல்றாரு. லைல் தலையாட்டிட்டாரு. இருபத்திரண்டு ட்ரெய்லர் கோவிச்சுக்கிட்டுப் போனா அவருக்குக் கோடைகாலமே போச்சே.”

“யாராவது அந்த லைட்டைப் போட்டுப் பாத்தாங்களா?”

எம்மெட் நின்றான். “இல்ல, பாஸ்.”

“ட்ரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டி இருபத்திரண்டு நிக்குது. ஒவ்வொண்ணோட பின்பக்கமும் பிளக் இருக்கு. ஒரு விரல் அசைச்சாப் போதும்.”

“தலைவரோட லைட்டையா? இன்னிக்குச் சாயங்காலம் அவரு சங்கத்துக்கு ‘பாதுகாப்பான ஒயரிங்’னு ஒரு மணி நேரம் பேசப் போறாரு. பலகையில சாக்பீஸால எழுதிப் போட்டிருக்காங்க. சாப்பிட உருளைக்கிழங்கு கேசரோல் உண்டுன்னும் எழுதியிருக்கு.”

“கேசரோலுக்காவது யாராவது வருவாங்க” என்றாள் ரூனா.

வெர்லினின் ட்ரெய்லரைக் கண்டுபிடிக்க எண் தேவைப்படவில்லை. எது மிக நீளமோ அது. அதன் முன்னால் சங்கத்துக்காரர்கள் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பேட்டரி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எவரும் எவர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வெர்லின் அங்கே இல்லை. போலீசில் எழுதிக் கொடுக்க லைலின் காரில் டவுனுக்குப் போயிருந்தார்.

சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் ரூனாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “துப்பறியிறவங்களா? வீண் வேலைம்மா. வெர்லின் போட்ட ஒயர்ல குறை இருக்கும்னு சொல்றது, ஏரியில தண்ணி இல்லைன்னு சொல்ற மாதிரி.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கணுமா? கிளம்பி ஒன்பது நாளாச்சு. இந்த ஊருக்கு வர்ற வரைக்கும் தினமும் காலையில புறப்படுறதுக்கு முன்னாடி லைட்டைச் சோதிச்சிருக்கோம். அவரு வண்டிக்குள்ள உக்காந்து கத்துவாரு, ‘இடது!’ன்னு. மார்லிஸ் பின்னாடி நின்னு ‘நல்லாருக்கு!’ன்னு சொல்லும். ‘வலது!’ ‘நல்லாருக்கு!’ ‘பிரேக்கு!’ ‘நல்லாருக்கு!’ இருபத்திரண்டு வண்டிக்கும் கேக்கும்.”

“கேக்கும். கண்ணுக்குத் தெரியுமா?”

“என்னது?”

“ஒண்ணுமில்ல. அவரு இறங்கி வந்து பாப்பாரா?”

தொப்பிக்காரர் சிரித்தார். “தலைவர் ஏன் இறங்கணும்? அதுக்குத்தானே பொண்டாட்டி இருக்கா?”

வட்டம் முழுக்கச் சிரித்தது. ரூனா அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். கெட்டுப்போன பாலை மூடி திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுகிறவளின் முகம்.

ட்ரெய்லரின் பின்புறம் வெறுமையாக இருந்தது. தாங்கி நீட்டிக்கொண்டு நின்றது. அதன் இரு முனையிலும் சிவப்பு விளக்குகள். எம்மெட் மல்லாந்து பம்பருக்கு அடியில் புகுந்தான்.

“பாஸ்.”

“சொல்லு.”

“அழகா இருக்கு. நிஜமாச் சொல்றேன். ஒவ்வொரு இணைப்பும் ஈயம் வச்சு, மேல குழாய் போட்டு, சூடு காட்டிச் சுருக்கி... என் பல்லைக்கூட எந்த டாக்டரும் இவ்வளவு அக்கறையாப் பாத்ததில்ல. மழை போகாது. எலி கடிக்காது.”

“அழகு கிடக்கட்டும். எந்த நிறம் எந்த நிறத்தோட சேந்திருக்கு?”

“வெள்ளைக்கு வெள்ளை. பச்சைக்குப் பச்சை. பழுப்புக்குப் பழுப்பு. ட்ரெய்லர்ல மிச்சம் இருந்தது சிவப்பு, தாங்கியில மிச்சம் இருந்தது மஞ்சள், அதுங்க ரெண்டையும் ஜோடி சேத்திருக்காரு. சரியாத்தானே இருக்கு?”

ரூனா தொடையில் தட்டினாள். அவள் சந்தோஷத்தின் உச்சம் அவ்வளவுதான்.

“ஓப்பல் மரலாரி ஓட்டினவ. வர்ற வழியில போன்லயே சொன்னா. வீட்டு ட்ரெய்லர் செய்யிறவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க, தாங்கிக்கு லைட்டு செய்யிறவங்க வேற கணக்கு. ட்ரெய்லர்ல பச்சை ஒயர் ராத்திரி ரெண்டு பக்கமும் எரியிற பார்க் லைட்டுக்கு, பழுப்பு வலது சிக்னலுக்கு. தாங்கியில நேர் எதிர். பழுப்பு பார்க் லைட்டுக்கு, பச்சை வலது சிக்னலுக்கு. நிறத்தைப் பாத்துக் கட்டுனா என்ன ஆகும்?”

எம்மெட் படுத்தபடியே யோசித்தான். “வலது சிக்னல் போட்டா... அது போய் ரெண்டு பக்கத்துப் பார்க் லைட்டையும் மினுக்கும்.”

“ஹெட்லைட்டைப் போட்டா?”

“வலது சிக்னல் லைட்டு அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பாஸ்! ஓப்பல் சொன்னது உண்மை.”

“நாப்பது வருஷம் வீட்டுக்குள்ளயே ஒயர் இழுத்த மனுஷன். அங்க நிறம்தான் சட்டம். ஊருக்கு ஊரு ஒரே சட்டம். அதனால இங்க ஒரு பல்பு எடுத்துத் தொட்டுப் பாக்கணும்னுகூட அவருக்குத் தோணலை. தெரியாதவன் சோதிச்சிருப்பான். இவரு தெரிஞ்சவரு.”

எம்மெட் வெளியே உருண்டு வந்து முதுகிலிருந்த பைன் ஊசிகளைத் தட்டினான். “அப்ப இதோ கேஸ் முடிஞ்சது. தலைவரு தன்னோட தப்பைக் கண்டுபிடிச்சுட்டாரு. சாயங்காலம் பேச்சு. மானம் போகுமேன்னு சைக்கிளை எங்கயோ ஒளிச்சிட்டுத் திருட்டுன்னு கத்துறாரு. சைக்கிள் இல்லைன்னா தாங்கி வேண்டாம், தாங்கி இல்லைன்னா லைட்டு வேண்டாம்.”

“பாதி சரி.”

“எந்தப் பாதி?”

“தப்பைக் கண்டுபிடிக்கணும்னா முதல்ல பின்னாடி வந்து பாக்கணும். அவரு இறங்கினதே இல்லைன்னு இப்பதானே பெருமையாச் சொன்னாங்க? அந்தப் பூட்டைப் பாரு.”

தாங்கியின் கம்பியில் தடித்த எண் பூட்டு ஒன்று தொங்கியது. கீறல் இல்லை. வளையத்துக்குள் சங்கிலியைச் சுற்றி, ஒழுங்காகப் பூட்டி, எண்களைக் கலைத்தும் விட்டிருந்தார்கள். எதையும் பிடித்து வைத்திருக்காத பூட்டு.

“சைக்கிளை எடுத்துட்டு வெறும் தாங்கியைப் பூட்டிட்டுப் போயிருக்கான்” என்றான் எம்மெட் மெதுவாக. “ரொம்ப ஜாக்கிரதையான திருடன்.”

“சைக்கிள் மேல உறை போட்டிருந்ததுன்னு சொன்னாங்களே, அது எங்கே?”

பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தான் எம்மெட். தண்ணீர்க் குழாய் ஒன்று அவசரமாகத் திணிக்கப்பட்டு, பாம்பு செத்துக் கிடப்பதுபோலக் கிடந்தது. கையுறைகளில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அந்தக் குப்பைக்கு நடுவில் சாம்பல் நிற உறை. முனையோடு முனை சேர்த்து நான்காக மடித்து, கையால் தேய்த்து, பறக்காமலிருக்கத் துணி மாட்டும் கிளிப் இரண்டு போட்டு.

ரூனா உறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“முப்பது வருஷமாத் திருடங்களைப் பாக்குறேன்” என்றாள் ரூனா. “அழுத திருடன் உண்டு. என்னையே கல்யாணம் பண்ணிக்கக் கேட்ட திருடன் உண்டு. மடிச்சு வச்சவன் கிடையாது. வா, நம்ம பிக்கப்பை எடுத்துட்டு வந்து இந்த ட்ரெய்லர்ல மாட்டு. பிளக்கைச் சொருகு. அப்புறம் நான் சொல்ற மாதிரி செய்.” அவன் காதருகே குனிந்து நாலு வார்த்தை சொன்னாள்.

எம்மெட்டின் புருவம் உயர்ந்தது. “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அதையாவது ஒழுங்காச் செய்.”

மார்லிஸ் ஸ்டாக் கதவைத் திறந்தபோது கையில் துடைக்கும் துணி இருந்தது. சிறிய பெண்மணி. நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தாள். வந்தவர்கள் யார் என்று கேட்பதற்கு முன்பே காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

“அப்புறம் குடிக்கலாம்” என்றாள் ரூனா. “அஞ்சு நிமிஷ வேலை. லைட்டைச் சோதிக்கணும். நீங்க தினமும் நிக்கிற இடத்துல நின்னு, தினமும் சொல்ற மாதிரி சொல்லுங்க. என் ஆளு உள்ளே இருப்பான்.”

மார்லிஸ் துணியைச் சுருட்டினாள். டவுன் சாலையை ஒரு முறை பார்த்தாள். பிறகு படியிறங்கி வந்து, ட்ரெய்லருக்குப் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி, காலடித் தடம் ஏற்கெனவே இருப்பதுபோல ஒரே இடத்தில் போய் நின்றாள்.

எம்மெட் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கத்தினான். “இடது!”

“நல்லாருக்கு!”

“வலது!”

“நல்லாருக்கு!”

“பிரேக்கு!”

“நல்லாருக்கு!”

எம்மெட் இறங்கி வந்தான். நாற்காலி வட்டத்திலிருந்து சிவப்புத் தொப்பிக்காரர் ‘பாத்தீங்களா’ என்பதுபோல இரு கைகளையும் விரித்தார்.

ரூனாவின் குரல் தாழ்ந்தது. “மார்லிஸ், அவன் எதையும் தொடலை. ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டுக் கத்தினான்.”

மார்லிஸ் திடுக்கிடவில்லை. அவள் முகத்தில் வந்ததை எம்மெட் முதலில் வெட்கம் என்று நினைத்தான். பிறகுதான் தெரிந்தது, அது களைப்பு. ரொம்ப தூரம் சுமந்து வந்த எதையோ கீழே வைக்க இடம் கிடைத்துவிட்ட களைப்பு.

“தெரியும்” என்றாள். “ஒண்ணும் எரியலை.”

“எரியாதப்பவே நல்லாருக்குன்னு சொன்னீங்க.”

“முதல் நாள் உண்மையைத்தான் சொன்னேன். ‘வெர்லின், வலது பக்கம் போட்டா ரெண்டும் மினுக்குது’ன்னேன். ‘நீ நிக்கிற இடம் தப்பு’ன்னாரு. தள்ளி நின்னு மறுபடி சொன்னேன். ‘வெயில் கண்ல அடிக்குது உனக்கு’ன்னாரு. வானம் மூடியிருந்தது. மூணாவது நாள், எனக்கு வலது எது இடது எதுன்னு தெரியாதுன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிச் சிரிச்சாரு. நாலாவது நாள்லேர்ந்து நல்லாருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சேன்.”

“அவரு இறங்கலையா?”

“கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம்” என்றாள் மார்லிஸ். அதுவே பதில் போலிருந்தது.

ஏரியில் எங்கோ ஒரு நீர்ப்பறவை பைத்தியம்போலக் கூவியது.

“இங்க வர்றதுக்கு முந்தின திருப்பம்” என்று மார்லிஸ் தொடர்ந்தாள். “வலது பக்கம் திரும்பணும். இவ்வளவு நீள வண்டி இல்லையா, முதல்ல இடது பக்கம் ஒதுங்கித்தான் திரும்ப முடியும். ஒதுங்கினாரு. பின்னாடி ரெண்டு லைட்டும் சேந்து மினுக்குது. பின்னாடி வந்த மரலாரிக்காரன் என்ன நினைப்பான்? வண்டி கெட்டுப்போய் இடது பக்கமா ஒதுங்கி நிறுத்துறாங்கன்னு நினைச்சு, எங்க வலது பக்கமாப் புகுந்துட்டான். என் ஜன்னல் பக்கம். மரத்தோட பட்டை தெரிஞ்சுது. கையை நீட்டினாத் தொட்டிருப்பேன். வெர்லின் அந்த லாரிக்காரனை அரை மணி நேரம் திட்டிக்கிட்டே வந்தாரு.”

“அதனால சைக்கிளை எடுத்தீங்க.”

“ஒயரைப் பிடுங்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன். பிடுங்கினா மறுபடி கட்டுவாரு. இன்னும் அழகாக் கட்டுவாரு. சைக்கிள் இல்லைன்னாதான் தாங்கியைக் கழட்டுவாரு. கழட்டினா ட்ரெய்லரோட சொந்த லைட்டு தெரியும். அது சரியா எரியுது, அதைக் கட்டினது வேற யாரோ. நேத்து நான் வேன்ல ஏறலை. எல்லாரும் போனப்புறம் ஒண்ணை டவுனுக்கு ஓட்டிட்டுப் போய் சர்ச்சுல, பழைய சாமான் விக்கிறாங்களே, அங்க குடுத்தேன். நடந்து வந்தேன். அடுத்ததை ஓட்டிட்டுப் போனேன். அங்க இருந்த அம்மா ரெண்டாவது தடவை ஒரு கேக்குத் துண்டு குடுத்தாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “நல்லா ஓடுது அந்த சைக்கிள். வெர்லின் ஒரு தடவைகூட ஏறினதில்ல.”

எம்மெட்டுக்குச் சிரிப்பு வந்தது. ரூனாவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினான்.

“உங்க உயிரைக் காப்பாத்திக்கிட்டீங்க. சந்தோஷம்” என்றாள் ரூனா. “அங்க ஒருத்தி தட்டு, கோப்பையைப் பேப்பர்ல சுத்திக்கிட்டிருக்கா. அவளுக்குப் பதினோரு மணிக்கு மேல தலை சாய்க்க இடம் கிடையாது. உங்க புருஷன்கிட்ட உண்மையைச் சொன்ன ஒரே ஆளு அவ. அவளைத் திருடின்னு சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“என்ன பண்ணீங்க?”

“உறையை மடிச்சேன்.”

அந்த நேரத்தில் லைலின் கார் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மணி பத்து நாற்பது. முன்பக்கக் கதவைத் திறந்து வெர்லின் ஸ்டாக் இறங்கினார். அகலமான மனிதர். பெல்ட்டில் மின்சாரம் பார்க்கும் டெஸ்டர் தொங்கியது, ஓய்வு பெற்ற தளபதி வாளைத் தொங்கவிட்டதுபோல.

“என் ட்ரெய்லர்ல யாரு வண்டியை மாட்டினது?”

“வெர்லின்” என்றாள் மார்லிஸ். “சைக்கிளை நான்தான் எடுத்தேன். சர்ச்சுல குடுத்துட்டேன். ஓப்பல் எடுக்கலை.”

நாற்காலி வட்டம் எழுந்து நின்றது. வெர்லின் மனைவியைப் பார்க்கவில்லை. ரூனாவைப் பார்த்தார்.

“அவளை என்ன சொல்லி மிரட்டினீங்க?”

“சர்ச்சுக்குப் போன் போடுங்க” என்றாள் ரூனா.

லைல் போட்டார். பேசப் பேச அவர் காது சிவந்தது. “ரெண்டும் அங்கதான் இருக்காம், வெர்லின். ஒரு... ஒரு சின்ன அம்மா குடுத்தாங்களாம்.”

“அந்த ஓப்பல்தான் இவ மனசைக் கெடுத்திருக்கா!” வெர்லினின் கழுத்து நரம்பு புடைத்தது. “லைட்டு தப்பு, லைட்டு தப்புன்னு காதுல ஓதி, இவளைப் பயமுறுத்தி... லைல், நல்லாக் கேட்டுக்கோ. அந்தப் பொம்பளை இங்க இருந்தா நாங்க இருபத்திரண்டு பேரும் இல்லை.”

லைல் இருபத்திரண்டு ட்ரெய்லர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மனிதன் தன் முதுகெலும்பை இத்தனை பேர் முன்னிலையில் தேடுவதை எம்மெட் அதற்கு முன் பார்த்ததில்லை.

“சரி” என்றாள் ரூனா சாந்தமாக. “லைட்டு சரியா இருந்தா ஓப்பல் பொய்க்காரி. பதினோரு மணிக்குப் போயிடட்டும், நானே இழுத்துட்டுப் போறேன். தப்பா இருந்தா லைல் அந்தத் தாளைக் கிழிக்கணும். நீங்களே உங்க வண்டியை மாட்டுங்க, நீங்களே உள்ளே உக்காருங்க. தினமும் பண்ற சோதனைதானே? சம்மதமா?”

வெர்லின் சிரித்தார். வட்டத்தைத் திரும்பிப் பார்த்து, அவர்களும் சிரிக்கும்வரை காத்திருந்து, மறுபடி சிரித்தார். “சம்மதம். லைல், நீ?”

லைல் தலையாட்டினார். யார் எதைக் கேட்டாலும் ஆட்டுகிற தலை.

பாதையின் முனையில் ஓப்பல் வந்து நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. கையில் இன்னும் சுற்றப்படாத ஒரு தட்டு இருந்தது.

எம்மெட் தங்கள் வண்டியைக் கழற்றி நகர்த்தியதும், வெர்லின் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து மாட்டினார். பிளக்கைச் சொருகி, அதன் மூடியை இரண்டு முறை தட்டினார். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். பின்னால் சங்கத்தார் அரைவட்டமாக நின்றார்கள். மார்லிஸ் தன் இடத்தில் போய் நின்றாள்.

“இடது!”

இடது விளக்கு மினுக்கியது. “நல்லாருக்கு” என்றாள் மார்லிஸ். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது.

“வலது!”

தாங்கியின் இரு முனையிலும் இரண்டு விளக்குகள் சேர்ந்து மினுக்கின. மங்கலாக, ஒத்திசைவாக, எந்தக் கூச்சமும் இல்லாமல். மினுக்கல். இருள். மினுக்கல். வட்டத்தில் ஒருவர் இருமினார். சிவப்புத் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தை ஆராயத் தொடங்கினார். இத்தனை நேரம் பேட்டரி பற்றிப் பேசிய வாய்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை.

லைல் ஓப்பலின் ட்ரெய்லரை நோக்கி நடக்க ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. தட்டைப் பிடித்தபடி நின்ற ஓப்பலைக் கடக்கும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. குளிர்பெட்டிக் கதவிலிருந்து தாள் கிழிபடும் சத்தம் அந்த அமைதியில் இங்கே வரை கேட்டது.

“வலது!” என்று மறுபடி கத்தினார் வெர்லின். “மார்லிஸ்! காது கேக்கலையா? வலது! நல்லாருக்கா?”

“இல்லை” என்றாள் மார்லிஸ்.

“என்னது?”

“நல்லால்லை. ரெண்டும் மினுக்குது.”

பக்கக் கண்ணாடியில் அவருடைய ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. “நீ நிக்கிற இடம் தப்பு. இடது பக்கமாத் தள்ளி நில்லு!”

அவள் தள்ளி நிற்கவில்லை. விளக்குகள் அவள் கால்சட்டையில் சிவப்பை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தன.

“நாளைக்கு நானூறு மைல் போகணும், வெர்லின்” என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் இருபத்திரண்டு வண்டிக்கும் கேட்டது. “ஒரே ஒரு தடவை இறங்கி வந்து, நான் நிக்கிற இடத்துல நின்னு, நீயே பாரேன்.”